ரெவ் லிமிட்டர் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது?

கேள்வி: 2023 ஜூன் 4, காலை

இப்போது வரும் பெட்ரோல் கார்கள் எல்லாவற்றிலும் ரெவ் லிமிட்டர் இருக்கிறது. ஆர்பிஎம் முள் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று காட்டும் முள்) சிவப்புக் கோட்டைத் தொட்டதும் எஞ்சினின் கணினியான ஈசியூ தானாகவே எரிபொருளை நிறுத்திவிடுகிறது. அப்படியானால் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும், அவசரத்தில் தவறான கியரே விழுந்தாலும், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது என்பதுதானே பொருள்? "வண்டியை ரேஸ் பண்ணாதே" என்று பெரியவர்கள் சொல்வது அம்பாசடர் காலத்துப் பழக்கம் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

2023 ஜூன் 4, இரவு

இரண்டு தனித்தனிக் கேள்விகளை ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டீர்கள். ஆக்சிலேட்டரை மிதித்து எஞ்சின் தன் சொந்த பலத்தில் வேகமெடுக்கும்போது ரெவ் லிமிட்டர் அதைத் தடுக்கும், அதில் ஐயமில்லை. ஆனால் ஓடுகிற வண்டியில் தவறான கியர் விழும்போது எஞ்சினைச் சுழற்றுவது பெட்ரோல் அல்ல, சாலையில் உருளும் சக்கரங்கள். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி, கியர்பெட்டி வழியாக, பிஸ்டன்களோடு சேர்ந்து சுழலும் தண்டான கிராங்க்கைப் பிடித்துத் திருகும்போது, பெட்ரோலை நிறுத்துவதால் எதுவும் நிற்காது. லிமிட்டரால் எரிபொருளை நிறுத்த முடியும். எஞ்சினை நிறுத்த முடியாது. நான் சொல்ல வருவது முழுவதும் இந்த வேறுபாட்டுக்குள்தான் இருக்கிறது.

கணக்காகப் பார்ப்போம். ஒரு காரில் இரண்டாம் கியரில் மணிக்கு 90 கிலோமீட்டர் போகும்போது 6,500 ஆர்பிஎம்மில் லிமிட்டர் வெட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் கியரில் 120 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் நான்காம் கியருக்குப் பதிலாக இரண்டாம் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால், எஞ்சின் 8,600 ஆர்பிஎம்மைத் தாண்டும். லிமிட்டர் அந்த நொடியில் தன் கடமையைச் சரியாகவே செய்துகொண்டிருக்கும்: ஒரு துளி பெட்ரோலும் உள்ளே போகாது. எஞ்சின் மட்டும் சுழன்றுகொண்டே இருக்கும்.

2023 ஜூன் 5

"6,500 தாங்குகிற எஞ்சின் 8,600-ஐ ஒரு நொடி தாங்காதா, மூன்றில் ஒரு பங்குதானே கூடுதல்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆர்பிஎம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் விசையும் மூன்றில் ஒரு பங்கு கூடும் என்று மனம் நினைத்துக்கொள்கிறது. உண்மையில் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே இந்த எடுத்துக்காட்டில் அது ஏறத்தாழ 1.8 மடங்காகிறது.

86 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம்) உள்ள ஒரு சாதாரண இரண்டு லிட்டர் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன், பின், ரிங்குகள், பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் மேற்பகுதி ஆகியவை சேர்ந்து அரை கிலோ என்று கொண்டால், 6,500 ஆர்பிஎம்மில் பிஸ்டன் மேல்முனையில் நின்று திரும்பும் அந்தக் கணத்தில் ராடை இழுக்கும் விசை ஏறத்தாழ 1.3 டன் எடைக்குச் சமம். ஒவ்வொரு சுற்றிலும், ஒவ்வொரு ராடிலும் ஒரு முழுக் காரைத் தொங்கவிட்டு எடுப்பது போன்றது இது. 8,600-க்கு மேல் அது 2.3 டன்னைத் தாண்டிவிடும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வெடிப்பு நடக்கிற சுற்றில் எரியும் வாயுவின் அழுத்தம் பிஸ்டனை மேலிருந்து கீழே தள்ளுவதால், ராடை மேல்நோக்கி இழுக்கும் விசையில் ஒரு பகுதி ஈடாகிவிடுகிறது. புகை வெளியேறும் சுற்றின் முடிவில் வால்வுகள் திறந்திருப்பதால் அந்த எதிர்த்தள்ளல் கிடையாது. அப்போது பிஸ்டனின் இழுப்பு முழுவதும் ராடு போல்ட்டுகளின் மேல் விழுகிறது. அதிவேகத்தில் எஞ்சின் உடைந்து பிளாக்கில் ஓட்டை விழும்போது, பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தொடக்கம் இருக்கும்.

2023 ஜூன் 5, சிறிது நேரம் கழித்து

நேற்று எழுதியதில் ஒன்றைக் கூட்ட வேண்டும். ஆட்டோமேட்டிக், ஏஎம்டி (கிளட்ச் பெடல் இல்லாமல் கணினியே கியர் மாற்றும்) வண்டிகளில் கியர்பெட்டியின் கணினி இத்தகைய கியரைப் போட மறுத்துவிடும். ஆபத்து, கையால் கியர் போடும் வண்டிக்குத்தான்.

2023 ஜூன் 7

லிமிட்டர் எப்படி வேலை செய்கிறது என்று சிலர் கேட்டிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கிராங்க்கின் ஒரு முனையில் பற்கள் வெட்டிய ஒரு சக்கரம் இருக்கும். பல கார்களில் அது 60 பற்களுக்கு இடமுள்ள சக்கரம். அவற்றில் இரண்டு இடங்களை வேண்டுமென்றே பல் இல்லாமல் காலியாக விட்டிருப்பார்கள். எதிரே இருக்கும் சென்சார் அந்த இடைவெளியைப் பார்த்துச் சுற்றின் தொடக்கத்தை அறிகிறது. ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து வேகத்தை அறிகிறது. 6,000 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுற்றுக்கு 10 மில்லிநொடிதான் ஆகும். அதற்குள் அந்தச் சிறிய சென்சார் 58 முறை கணக்கெடுத்து முடிக்கிறது.

வேகம் குறித்த எல்லையைத் தொட்டதும் ஈசியூ, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களை மூடுகிறது. ஏற்கெனவே இன்டேக் பாதையில் தெளித்துவிட்ட பெட்ரோல் எரிந்து தீர வேண்டியிருப்பதால், முள் எல்லைக்குச் சற்று மேலே போய்த்தான் இறங்கும். தயாரிப்பாளர்கள் இதையும் கணக்கில் வைத்தே எல்லையைக் குறிக்கிறார்கள். சற்றுக் கீழே இறங்கியதும் பெட்ரோல் மீண்டும் வரும்; முள் மீண்டும் ஏறும்; மீண்டும் வெட்டு விழும். நாம் கேட்கும் அந்தத் "தட-தட-தட" என்ற தடுமாற்றம் இதுதான். எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள கார்களில் இன்னொரு வழியும் உண்டு. எல்லையை நெருங்கும்போதே ஈசியூ, காற்றை உள்ளே விடும் த்ராட்டில் தட்டை மெதுவாக மூடத் தொடங்கும். வெட்டு விழுவதே தெரியாது, வண்டி இழுவை குறைந்து ஒரே வேகத்தில் நிற்பதுபோல் இருக்கும்.

ஸ்பார்க்கை நிறுத்தினால் போதாதா, ஏன் பெட்ரோலை நிறுத்த வேண்டும் என்றும் கேள்வி வந்தது. ஸ்பார்க்கை மட்டும் நிறுத்தினால் எரியாத பெட்ரோலும் காற்றும் அப்படியே சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் சூடான கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் தீப்பிடிக்கும். உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற செராமிக் உருகி அடைத்துக்கொள்ளும். பட்டறையில் அப்படிக் கெட்ட கன்வர்ட்டரைக் கழற்றி ஆட்டிப் பார்த்தால், உள்ளே உடைந்த துண்டுகள் கலகலவென்று உருளும். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995-இல் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமானது. அந்தக் கட்டாயம் வந்துவிட்ட எந்த நாட்டிலும், எரிபொருளை நிறுத்துவதுதான் காரில் முறையான வழி. வெடிச்சத்தத்துக்காக ஸ்பார்க்கை வெட்டும்படி ஈசியூவை மாற்றிக்கொள்ளும் இளைஞர்கள் இதைத் தயவுசெய்து யோசிக்க வேண்டும்.

2023 ஜூன் 8

ஈசியூ இல்லாத காலத்தில் லிமிட்டரே கிடையாது என்று நண்பர் எழுதியிருப்பது சரியல்ல. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டரிலேயே சுருள்வில்லால் பிடிக்கப்பட்ட ஒரு சிறு எடையை வைத்து பாஷ் நிறுவனம் தயாரித்தது. வேகம் எல்லையைத் தாண்டும்போது அந்த எடை வெளியே விலகி, பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரத்தைத் தண்டுக்கே திருப்பிவிடும். பழைய போர்ஷே 911 கார்களில் இது இருந்தது. எத்தனை ஆர்பிஎம்மில் வெட்ட வேண்டும் என்பது ரோட்டரின் மேலேயே பொறித்திருக்கும். ஒரு கணினியும் இல்லாமல், வெறும் சுழற்சி விசையை வைத்து இதைச் செய்த அந்தப் பொறியாளர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

நம் ஊர் அம்பாசடரில் இது எதுவும் இல்லை. 89 மில்லிமீட்டர் நீண்ட ஸ்ட்ரோக், புஷ்ராடு வழியாக இயங்கும் வால்வுகள், குறுகிய காற்றுப் பாதை ஆகியவையே அந்த 1,489 சிசி எஞ்சினுக்குக் கடிவாளமாக இருந்தன. அதிக வேகத்தில் மூச்சு வாங்க முடியாமல் எஞ்சினே தளர்ந்துவிடும். பெரியவர்கள் "ரேஸ் பண்ணாதே" என்று சொன்னது, தடுக்க வேறு எதுவுமே இல்லாத வண்டியைக் காதால் கேட்டு ஓட்டியவர்களின் அனுபவம். அதைப் பழக்கம் என்று தள்ளிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

2023 ஜூன் 11

பட்டறை அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டிய இடம் இது. நான் கோவையில் எஞ்சின் போர் போடும் பட்டறையில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஒருநாள் இழுத்து வரப்பட்ட ஒரு ஹேட்ச்பேக், ஸ்டார்ட் செய்தால் ஒரு பக்கம் நொண்டியது. ஓட்டி வந்த தம்பிக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். பைபாஸில் முந்திப் போகும்போது நான்காம் கியருக்குப் பதிலாக இரண்டாம் கியர் விழுந்ததாகவும், முன்சக்கரம் கீச்சிட்டதாகவும், உடனே கிளட்சை மிதித்துவிட்டதாகவும் சொன்னார். "லிமிட்டர் இருக்குதுங்களே அண்ணா" என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

எஞ்சினின் மேல்பகுதியான, வால்வுகள் உள்ள ஹெட்டைக் கழற்றினோம். இரண்டு பிஸ்டன்களின் தலையில் கரிப் படிவைச் சுரண்டியதுபோல் பிறை வடிவில் பளபளப்பான தடம் இருந்தது. அந்தத் தடம், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்போடு அப்படியே பொருந்தியது. ஹெட்டைக் கவிழ்த்துப் போர்ட்டில் பெட்ரோல் ஊற்றிப் பார்த்தோம். நல்ல வால்வுகளில் ஒரு சொட்டும் இறங்கவில்லை, அந்த இரண்டில் மட்டும் கசிந்து வழிந்தது. வால்வை வெளியே எடுத்துக் கண்ணாடித் தட்டின் மேல் உருட்டினால், தலை மெல்லத் தள்ளாடுவது கண்ணுக்குத் தெரிந்தது. வளைவு ஒரு மயிரிழை அளவுதான். ஆனால் அந்த மயிரிழைக்கு வால்வு சீட்டில் உட்காராது, கம்ப்ரஷன் நிற்காது.

நடந்தது இதுதான்: கேம் வால்வைத் திறக்கிறது, மூடுவது ஸ்பிரிங். வேகம் ஸ்பிரிங்கின் பலத்தை மீறும்போது வால்வு, கேமின் வடிவத்தைப் பின்தொடர முடியாமல் சற்றுத் தாமதமாக மூடுகிறது. புகை வெளியேறும் சுற்றில் பிஸ்டன் மேலே வந்துகொண்டிருக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வு மூடிக்கொண்டிருக்கும். ஆகவே தாமதம் நேர்ந்தால் முதலில் அடி வாங்குவது பெரும்பாலும் அதுதான். லிமிட்டரின் எண்ணைத் தீர்மானிப்பதில் ராடின் வலிமைக்கு இணையாக இந்த ஸ்பிரிங்கின் வலிமையும் நிற்கிறது.

ராடு போல்ட்டுகளையும் மாற்றச் சொன்னேன். பார்வைக்கு அவை நன்றாகவே இருந்தன. மைக்ரோமீட்டர் வைத்தால் நடுப்பகுதி சற்று மெலிந்து நீண்டிருந்தது. ஒருமுறை நீண்ட போல்ட் மீண்டும் அதே இறுக்கத்தைத் தராது.

2023 ஜூன் 12

"கேமே வால்வை மூடவும் செய்தால் இந்தத் தொல்லை இருக்காதே" என்ற யோசனை நல்ல யோசனை. 1954-இல் மெர்சிடஸின் டபிள்யூ196 பந்தயக் காரும், 1956-இல் டுகாட்டியின் 125 பந்தய பைக்கும் அதைத்தான் செய்தன. டுகாட்டி அந்த முறையைப் பல பைக்குகளில் இன்றும் கைவிடவில்லை. 1986-இல் ரெனோ, ஃபார்முலா 1 எஞ்சினில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் அழுத்தப்பட்ட வாயுவை வைத்தது. நாம் ஓட்டும் கார்களில் இரும்பு ஸ்பிரிங்தான். அது வெப்பத்தாலும் வயதாலும் தளரும். லிமிட்டரின் எண் புதிய ஸ்பிரிங்குக்காகக் குறிக்கப்பட்டது என்பதை இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிக்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

2023 ஜூன் 15

ஏன் ஒரு காருக்கு 6,500, இன்னொன்றுக்கு 9,000 என்ற கேள்விக்கு, ஹோண்டா எஸ்2000 போலத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. முதலில் வந்த இரண்டு லிட்டர் எஞ்சினின் ஸ்ட்ரோக் 84 மில்லிமீட்டர். அது 9,000 ஆர்பிஎம் அளவுக்குச் சுழலும். பிறகு அதே எஞ்சினின் ஸ்ட்ரோக்கை 90.7 மில்லிமீட்டராக நீட்டி 2.2 லிட்டராக்கினார்கள், எல்லையை 8,000 சொச்சத்துக்கு இறக்கிவிட்டார்கள். ஒரு சுற்றுக்குப் பிஸ்டன் போகும் தூரம் கூடினால், சுற்றுகளின் எண்ணிக்கை குறைய வேண்டும். கணக்குப் போட்டால் பிஸ்டனின் சராசரி வேகம் முதல் எஞ்சினில் நொடிக்கு 25.2 மீட்டர், இரண்டாவதில் 24-க்குச் சற்று மேல்.

வியப்பு என்னவென்றால், 19,000 ஆர்பிஎம்மில் சுழன்ற 2.4 லிட்டர் ஃபார்முலா 1 எஞ்சினிலும் இதே எண்தான் வருகிறது. காஸ்வொர்த் நிறுவனத்தின் அந்த எஞ்சினில் ஸ்ட்ரோக் 39.75 மில்லிமீட்டர், 19,000-இல் சராசரி வேகம் நொடிக்கு ஏறத்தாழ 25.2 மீட்டர்.

2023 ஜூன் 16

நேற்றைய குறிப்பை இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். சராசரி வேகம் ஒன்றாக இருப்பதால் இரண்டு எஞ்சின்களின் சுமையும் ஒன்று என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. ராடை இழுப்பது பிஸ்டனின் வேகம் அல்ல, அது நின்று திரும்பும்போது உண்டாகும் முடுக்கம். எஸ்2000-இல் அது புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 4,800 மடங்கு. அந்த ஃபார்முலா 1 எஞ்சினில் அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பந்தய எஞ்சின் அதைத் தாங்குவது பிஸ்டனை மிக இலகுவாகச் செய்திருப்பதாலும், சில பந்தயங்களுக்கு மட்டும் உழைத்தால் போதும் என்பதாலும்தான்.

அங்கேயும் எல்லை வைக்க வேண்டியிருந்தது. 2006-இல் காஸ்வொர்த் 20,000 ஆர்பிஎம்மைத் தொட்டது. 2007-இல் விதியின்படி 19,000 என்று எல்லை வந்தது. 2009-இல் 18,000 ஆனது. 2014-இல் புதிய டர்போ எஞ்சின்களுக்கு 15,000. செலவையும் எஞ்சினின் ஆயுளையும் கருதியே இந்த எண்களை இறக்கினார்கள். உலகின் மிகச் சிறந்த எஞ்சின் பொறியாளர்களிடமே வேகத்தைக் குறைத்தால் எஞ்சின் நீடிக்கும் என்று விதி போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

2023 ஜூன் 18

மலைப்பாதையில் இறங்குவது பற்றி ஒரு லாரி ஓட்டுநர் கேட்டிருக்கும் கேள்வி இந்த இழையிலேயே மிக முக்கியமானது என்று நினைக்கிறேன். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாம் கியரில் இறங்கச் சொல்லிப் பலகை வைத்திருக்கிறார்கள். அது சரியான அறிவுரை. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கியவர்கள் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் உயிரை இழந்திருக்கிறார்கள்.

ஆனால் அப்படி இறங்கும்போது நம் கால் ஆக்சிலேட்டரில் இல்லை. கால் எடுத்த உடனேயே ஈசியூ இன்ஜெக்டர்களை மூடிவிடுகிறது. இறக்கத்தில் எஞ்சின் ஒரு துளி எரிபொருளும் இல்லாமல்தான் சுழல்கிறது. அப்படியிருக்கும்போது முள் சிவப்பை நோக்கி ஏறினால், லிமிட்டர் நிறுத்துவதற்கு அங்கே மிச்சம் எதுவுமே இல்லை. செங்குத்தான இறக்கத்தில் சுமையோடு போகும் வண்டி, பிரேக் தொடாமல் சின்னக் கியரிலேயே வேகமெடுத்தால், எஞ்சின் தாங்கும் வேகத்தைத் தாண்டிவிடும். பெரிய டீசல் லாரிகளில் வால்வு சேதத்தோடு வந்த எஞ்சின்களில், ஓட்டுநரிடம் பேசிப் பார்த்தால், இறக்கத்தில் நடந்ததாகவே கதை வரும்.

இதைப் படித்து யாரும் மலையில் நியூட்ரலில் இறங்கிவிடக்கூடாது. 3,000, 4,000 ஆர்பிஎம்மில் எஞ்சின் பிடித்து இறங்குவதால் பெட்ரோல் காருக்கு ஒரு கேடும் இல்லை. முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறைத்து, அதன் பிறகு கியரைக் குறைத்து, முள்ளையும் பார்த்துக்கொண்டு, அது ஏறும்போது மீண்டும் பிரேக்கைத் தொட்டு இறங்க வேண்டும்.

2023 ஜூன் 19

டீசல் என்றதும் சொல்லாமல் விட முடியாதது ஒன்று. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் இல்லை. எரிபொருளின் அளவை வைத்துத்தான் வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். பழைய பம்புகளில் கவர்னரின் சுழலும் எடைகள் அதைச் செய்தன; இப்போது ஈசியூ செய்கிறது. டர்போவின் சீல் தேய்ந்து எஞ்சின் ஆயிலே காற்றுப் பாதைக்குள் போகத் தொடங்கினால், எஞ்சின் அந்த ஆயிலையே எரித்து ஓடும். அந்த எரிபொருளின் மேல் கவர்னருக்கும் அதிகாரம் இல்லை, ஈசியூவுக்கும் இல்லை.

எங்கள் பட்டறை வாசலில் ஒரு வேன் இப்படி நின்றது. சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் சத்தம் ஏறிக்கொண்டே போனது. வெள்ளைப் புகை தெருவையே மறைத்தது. எங்கள் மூத்த மெக்கானிக் ஏர் ஃபில்டர் பெட்டியின் குழாயைக் கழற்றி, ஒரு தடித்த பலகையை வைத்துக் காற்றை அடைத்தார். நான்கைந்து குலுக்கலில் எஞ்சின் நின்றது. கையையோ துணியையோ வைக்கக்கூடாது, இழுத்துவிடும் என்று அப்போதும் எங்களிடம் கத்திக்கொண்டே இருந்தார். இத்தகைய நேரத்தில் காற்றை அடைப்பது ஒரு வழி. மேனுவல் வண்டியானால் பிரேக்கை முழுவதும் மிதித்து, பெரிய கியரில் போட்டுக் கிளட்சை விட்டு எஞ்சினை அணைப்பது மற்றொரு வழி. சத்தம் உச்சத்துக்குப் போய்விட்டால் விலகி ஓடிவிடுங்கள். எஞ்சின் போனால் மாற்றிக்கொள்ளலாம்.

2023 ஜூன் 23

முதல் கேள்வியின் முதல் பாதிக்கு வருகிறேன். லிமிட்டரில் வேண்டுமென்றே அடித்துக்கொண்டே நிற்பது கேடா? ஒருமுறை தொட்டுவிட்டுக் கியர் மாற்றினால் எதுவும் ஆகாது, அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கேயே நிறுத்தி வைத்தால், எஞ்சின் தன் வாழ்நாளில் தாங்க வேண்டிய மிகப் பெரிய சுமையிலேயே தொடர்ந்து நிற்கிறது. எரிபொருள் வரும், நிற்கும், வரும் என்பதால் கிராங்க்கின் முறுக்கம் ஒரு நொடிக்குள்ளேயே பலமுறை திசை மாறுகிறது. டைமிங் செயின், டேம்பர், கியர்ப் பற்கள், எஞ்சின் மவுண்டுகள் எல்லாம் அந்த உதறலை வாங்குகின்றன. பல புதிய கார்களில் வண்டி நிற்கும்போது நியூட்ரலில் 4,000-க்குப் பக்கத்திலேயே வெட்டிவிடுவது கோளாறு அல்ல. சுமையே இல்லாத எஞ்சின் மிக வேகமாக எல்லையைத் தாண்டிவிடும் என்பதால் வைத்த கூடுதல் காப்பு அது.

குளிர்ந்த எஞ்சினையும் இதோடு சேர்க்க வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஆயில் கெட்டியாக இருக்கும்போதும் பெரும்பாலான கார்களில் லிமிட்டரின் எண் அதேதான். இதை ஓட்டுநருக்கு உணர்த்த பிஎம்டபிள்யூ, ஈ46 எம்3 காரின் ஆர்பிஎம் மீட்டரைச் சுற்றிச் சிறு விளக்குகளை வைத்தது. ஆயில் சூடாக ஆக அவை ஒவ்வொன்றாக அணைந்து எல்லை மேலே நகரும். அந்த வசதி ஒவ்வொரு காரிலும் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். இல்லாதவர்கள் முதல் சில கிலோமீட்டருக்கு முள்ளைப் பாதி அளவுக்குள் வைத்துக்கொண்டால் போதும்.

2023 ஜூன் 24

ரீமேப் செய்து (ஈசியூவின் மென்பொருளை மாற்றி) லிமிட்டரை 500 கூட்டித் தருகிறார்களாம், செய்யலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். 6,500-இலிருந்து 7,000 என்றால் ராடின் மேல் விசை 16 சதவீதம் கூடுகிறது. ஆனால் உங்கள் எஞ்சினின் அதிகபட்ச பவர் 6,000-இலேயே வந்துவிடுகிறது; அதற்கு மேல் கேமும் காற்றுப் பாதையும் போதிய காற்றை விடாததால் இழுவை இறங்கிக்கொண்டே போகும். கிடைப்பது கூடுதல் சத்தம் மட்டும். ஸ்பிரிங், ராடு போல்ட், கேம் ஆகியவற்றை மாற்றிப் பந்தயத்துக்கு எஞ்சின் கட்டுபவர்களின் கணக்கு வேறு.

2023 ஜூலை 2

பழைய கார் வாங்கும்போது முந்தைய உரிமையாளர் எஞ்சினை இப்படி மிஞ்சி ஓட்டியிருக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியுமா என்பது கடைசியாக வந்த கேள்வி. போர்ஷேயில் முடியும். 997 வகை 911-இன் ஈசியூ, மிகை வேகத்தை ஆறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் எத்தனை ஸ்பார்க்குகள் அடிக்கும் அளவுக்கு எஞ்சின் சுழன்றது, எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருந்தபோது அது கடைசியாக நடந்தது என்றெல்லாம் எழுதி வைத்துக்கொள்கிறது. கீழ்ப் படிகளில் எண் இருந்தால் லிமிட்டரைத் தொட்டிருக்கிறார் என்று பொருள். மேல் படிகளில் எண் இருந்தால், லிமிட்டரால் தடுக்க முடியாத தவறான கியர்தான் காரணம். வாங்குபவர்கள் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்து விலை பேசுகிறார்கள்.

நாம் வாங்கும் சாதாரணக் கார்களில், காரின் கணினியைப் படிக்கக் கடையில் கிடைக்கும் ஓபிடி ஸ்கேனரில் இது தெரியாது. கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். அதைவிட லீக் டெஸ்ட் நல்லது. காற்றை ஏற்றும்போது சைலன்சர் வழியாகச் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். நான்கு சிலிண்டரில் ஒன்றோ இரண்டோ மட்டும் மற்றவற்றை விட்டு விலகி நின்றால் விலை பேசுவதை நிறுத்திவிட்டு ஹெட்டைக் கழற்றிப் பார்க்கச் சம்மதிக்கிறாரா என்று விற்பவரைக் கேளுங்கள். சம்மதிக்காவிட்டால் வேறு வண்டி பாருங்கள்.